நாடியில் தொடங்குங்கள்: இதயத்தின் வேகமும் வெளியீடும் கட்டுப்படும் விதம்

இதயத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படத்தில்தான் தொடங்குகிறார்கள். நான்கு அறை, நான்கு வால்வு, சிவப்பு அம்பு, நீல அம்பு. அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் "ஓடும்போது இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அதனால்தான்" என்பார்கள். தேவை இருக்கிறது, சரி. அந்தத் தேவை இதயத்துக்கு எப்படித் தெரிந்தது? எந்த நரம்பு சொன்னது, எந்த வேதிப்பொருள், எத்தனை நொடியில்? அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

நர்சிங், பிசியோதெரபி, உயிரியல் புதிதாகப் படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாடமாகப் படிக்காமல் தன் உடம்பைப் புரிந்துகொள்ள விரும்புபவர்களும் கூடவே வரலாம். நொடி காட்டும் ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு பேனா போதும். படிகளை வரிசையாகவே செய்யுங்கள். ஏழாவது படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பாடநூல்கள் அதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடித்துவிடும், உண்மையில் விஷயமே அதில்தான் இருக்கிறது.

1. முதலில் நாடியைப் பிடியுங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், மறு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதற்குள் ஓடும் தமனியின் துடிப்பையே எண்ணிவிட வாய்ப்பு உண்டு. லேசாக அழுத்தினால் போதும். பலமாக அழுத்தினால் நாடி மறைந்துவிடும். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தவறுவதுபோல் தெரிந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. நன்றாகப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களுக்கு 40-களில் இருப்பதும் உண்டு. வந்த எண்ணைத் தாளில் குறித்து, பக்கத்தில் 'உட்கார்ந்து' என்று எழுதுங்கள். எந்த நிலையில் எடுத்தது என்று எழுதாத நாடி எண்ணால் பெரிதாகப் பயன் இல்லை.

கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறதே என்பீர்கள். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் மீது பச்சை ஒளி பாய்ச்சி அது கணக்கிடுகிறது. ஓய்வில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விரலுக்கு எண் மட்டுமா தெரிகிறது? துடிப்பின் பலம், தாளம், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எல்லாமே தெரிகிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் விரல்தான் நல்ல ஆசிரியர்.

விரலை எடுக்காமலே இன்னொன்று செய்யுங்கள். ஐந்து நொடி மூச்சை இழுத்து, ஐந்து நொடி மெதுவாக விடுங்கள். நாலைந்து சுற்று போகட்டும். இழுக்கும்போது துடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். விடும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதித்து வரும். இள வயதில் இது தெளிவாகவே தெரியும், வயது ஏற ஏற மங்கும். இது நோய் இல்லை. உங்கள் மூளைத்தண்டு உங்கள் இதயத்தோடு பேசுவதை நேரடியாகத் தொட்டுப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். எப்படி என்பது நான்காவது படியில் வரும்.

2. ஒரே ஒரு பெருக்கல் கணக்கு

இடது கீழறை ஒரு தடவை சுருங்கும்போது சுமார் 70 மி.லி. ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. வகுப்பில் இதை ஸ்ட்ரோக் வால்யூம் என்பார்கள். இங்கே துடிப்பு அளவு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 70 × 70 = 4,900 மி.லி. ஏறக்குறைய ஐந்து லிட்டர். நிமிடத்துக்கு வெளியேறும் இந்த மொத்த அளவுதான் இதய வெளியீடு. ஒரு பெரியவர் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் சுமார் ஐந்து லிட்டர்தான். ஆக, உடம்பின் மொத்த ரத்தத்துக்குச் சமமான அளவு நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்தைக் கடக்கிறது.

1628-இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது அவர் கையில் இருந்த முக்கியமான ஆயுதங்களில் ஒன்று இதே பெருக்கல்தான். துடிப்பு அளவை எவ்வளவு குறைவாக வைத்துக் கணக்குப் போட்டாலும், அரை மணி நேரத்தில் வெளியேறும் ரத்தம் உடம்பில் இருப்பதைவிட அதிகமாக வந்தது. அவ்வளவு ரத்தத்தை உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருக்க முடியாது. அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும்.

இதய வெளியீட்டை நேரடியாகப் பிடித்து அளக்க முடியாத காலத்தில், 1870-இல், அடால்ஃப் ஃபிக் என்ற உடலியல் அறிஞர் ஒரு வழி சொன்னார். ஓய்வில் உடம்பு நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறது. ஒரு லிட்டர் தமனி ரத்தத்தில் 200 மி.லி. ஆக்சிஜன், திரும்பி வரும் ஒரு லிட்டர் ரத்தத்தில் 150 மி.லி. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லிட்டரும் 50 மி.லி.யை விட்டுவிட்டு வருகிறது. 250-ஐ 50-ஆல் வகுத்தால் ஐந்து லிட்டர். இதயத்தைத் தொடாமலே கிடைத்த விடை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

இப்போது ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வையுங்கள்: ஓய்வில் இருப்பவரின் துடிப்பை மட்டும் ஒரு கருவியால் 70-இலிருந்து 120-க்கு உயர்த்தினால் வெளியீடு எவ்வளவு ஆகும்? பெருக்கல் கணக்குப்படி 8,400 மி.லி. உங்கள் யூகத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

3. துடிப்பு பிறக்கும் இடம்

இதயத்தை உடம்பிலிருந்து எடுத்து, நரம்பு எதுவும் இல்லாமல், தகுந்த திரவத்தில் வைத்தாலும் அது துடிக்கும். துடிப்பை மூளை உண்டாக்குவதில்லை. வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்கு அருகில், சைனஸ் முடிச்சு என்ற சிறு செல் கூட்டம் இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் 1907-இல் இதை விவரித்தார்கள்.

அதற்குள் இருக்கும் ஒரு செல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். மற்றத் தசை செல்கள் சும்மா இருக்கும்போது மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். இந்தச் செல்லுக்கு அப்படி நிற்கவே தெரியாது. சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டில் தொடங்குகிறது, உடனே சோடியம் அயனிகள் மெல்லக் கசிந்து உள்ளே வருகின்றன, மின்னழுத்தம் ஏறுகிறது. மைனஸ் 40 வந்ததும் கால்சியம் கதவுகள் திறந்து ஒரு துடிப்பு கிளம்புகிறது. பிறகு கீழே இறங்கி மறுபடியும் முதலிலிருந்து ஏற்றம். இந்த ஏற்றத்தின் சரிவு செங்குத்தானால் துடிப்பு வேகமாகும், சாய்வானால் மெதுவாகும். இதயத்தின் வேகத்தை மாற்றுவது என்றால் பெரும்பாலும் இந்தச் சரிவை மாற்றுவதுதான். காய்ச்சலில் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு சுமார் பத்து கூடுவதற்கும் காரணம் இந்த முடிச்சு சூடாவதுதான்.

நரம்புகளின் கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால் சைனஸ் முடிச்சின் சொந்த வேகம் நிமிடத்துக்கு சுமார் 100. வயதோடு இது குறையும். 118.1-இலிருந்து வயதை 0.57-ஆல் பெருக்கிக் கழித்தால் ஒரு தோராயமான எண் கிடைக்கும்: 20 வயதில் 107 அளவு, 60 வயதில் 84 அளவு.

உங்கள் தாளைப் பாருங்கள். அதில் 100 இருக்காது. 65, 72, 78 என்று ஏதோ ஒன்று இருக்கும். அப்படியானால் யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

4. பிடித்து வைப்பவரும் தள்ளிவிடுபவரும்

இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, சைனஸ் முடிச்சுக்கு வந்து அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. அது பொட்டாசியம் கதவுகளைத் திறக்கிறது, சரிவைச் சாய்க்கிறது, துடிப்பு குறைகிறது. தள்ளிவிடுவது சிம்பதெடிக் என்று சொல்லப்படும் பரிவு நரம்புகள். அவை விடுவது நார்அட்ரினலின். அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலினும் அதே வேலையைச் செய்யும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிள் ஓட்டுவதைப் போன்றது ஓய்வு நிலை. வேகம் வேண்டுமானால் முதலில் பெடலை மிதிக்க வேண்டியதில்லை, பிரேக்கை விட்டாலே போதும். 70-இலிருந்து 100 வரை ஏறுவதற்கு உடம்பு முக்கியமாகச் செய்வது வேகஸைத் தளர்த்துவதுதான். அதற்கு மேல் போகப் போகத்தான் பரிவு நரம்புகளின் பங்கு பெரிதாகிறது.

இரண்டுக்கும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. வேகஸ் ஒரே துடிப்புக்குள் வேலை காட்டும். அசிட்டைல்கோலின் உடனடியாகச் சிதைக்கப்பட்டுவிடுவதால் நிற்பதும் அதே வேகத்தில் நிற்கும். பரிவு நரம்பின் விளைவு தெரிய ஒன்றிரண்டு நொடியாகும், முழுதாக ஏற அரை நிமிடம் அளவு பிடிக்கும், அடங்கவும் நேரம் எடுக்கும். முதல் படியில் மூச்சோடு சேர்ந்து துடிப்பு மாறியதே, அது வேகஸ் வேலை. மூச்சை இழுக்கும்போது வேகஸ் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. ஐந்து நொடிக்குள் இப்படி மாறி மாறி விளையாட வேகஸால்தான் முடியும்.

நரம்பு மின்சாரத்தால் பேசுகிறதா, வேதிப்பொருளால் பேசுகிறதா என்ற சண்டை ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. ஆட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனை அதற்கு விடை தந்தது. இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவானது. சோதனையின் யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் இரவில் கிறுக்கி வைத்த குறிப்பைக் காலையில் படிக்க முடியவில்லை, மறு இரவு மறுபடியும் வந்தபோது எழுந்து நேரே ஆய்வகத்துக்கே போய்விட்டாராம். 1936-இல் ஹென்றி டேலோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் உதவும். வேகஸ் முக்கியமாக வேகத்தைத்தான் மாற்றும். கீழறைத் தசையின் பலத்தில் அதற்கு அதிகப் பிடி இல்லை. பரிவு நரம்புகளோ வேகம், பலம் இரண்டையும் கூட்டும்.

5. எழுந்து நின்று பாருங்கள்

இந்தப் படிக்கு முன் ஒரு எச்சரிக்கை. எழும்போது அடிக்கடி தலைசுற்றுபவர்கள், மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதைப் படித்தால் மட்டும் போதும், செய்ய வேண்டாம்.

ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். விரலை எடுக்காமல், சுவருக்குப் பக்கத்தில், சட்டென்று எழுந்து நில்லுங்கள். எண்ணிக்கொண்டே இருங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது துடிப்பு வாக்கில் வேகம் நன்றாகவே கூடும். பதினைந்தாவது துடிப்பை ஒட்டி உச்சம். முப்பதாவது துடிப்பு வருவதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு நிமிடம் கழித்து, படுத்திருந்தபோது இருந்ததைவிட 10 முதல் 15 வரை கூடுதலாக நிலைத்திருக்கும். நரம்பு மண்டலத்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் இதே 15, 30 எண்களை ஈ.சி.ஜி. தாளில் அளந்து பார்ப்பது உண்டு.

நடந்தது இதுதான். நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வருவது குறைந்தால் வெளியேறுவதும் குறையும். தமனி அழுத்தம் சரிகிறது. தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. உண்மையில் அவை உணர்வது அழுத்தத்தை அல்ல, தமனிச் சுவர் விரியும் அளவை. சுவர் குறைவாக விரிந்தால் அவை முகுளத்துக்கு அனுப்பும் சமிக்ஞை குறைகிறது. முகுளம் உடனே வேகஸைத் தளர்த்துகிறது: அதுதான் நீங்கள் உணர்ந்த முதல் வேகம். கொஞ்சம் பின்னால் பரிவு நரம்புகள் சிறு தமனிகளை இறுக்கி, சிரைகளையும் இறுக்கி, அழுத்தத்தை மீட்கின்றன. அழுத்தம் மீண்டதும் வேகஸ் திரும்பப் பிடிக்கிறது: அதுதான் முப்பதாவது துடிப்பில் தெரிந்த இறக்கம்.

முழுச் சுற்றும் அரை நிமிடத்தில் உங்கள் விரல் நுனியில் நடந்து முடிந்துவிட்டது. இதைப் பாடநூலில் வட்ட வட்டமாக அம்புக்குறி போட்டு மூன்று பக்கத்துக்கு விளக்கியிருப்பார்கள்.

இரண்டு விஷயங்கள். கழுத்தில் அந்த இடத்தை அழுத்தி விளையாட வேண்டாம். வெளியிலிருந்து அழுத்தினால் உணரிகள் 'அழுத்தம் கூடிவிட்டது' என்று ஏமாந்து இதயத்தை மெதுவாக்கும். சிலருக்கு மயக்கமே வரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கூடாது. இன்னொன்று, இந்த உணரிகள் இருக்கும்போது ரத்தக் கொதிப்பு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழுத்தம் ஓரிரு நாள் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் உணரிகள் அதையே புது இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடும். நொடிகளுக்கும் நிமிடங்களுக்கும்தான் அவை காவலாளி. நாள், வாரக் கணக்கில் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது சிறுநீரகம், உப்பையும் நீரையும் வைத்து.

6. துடிப்பு அளவை மாற்றும் மூன்று

கீழறை நிரம்பும்போது சுமார் 120 மி.லி. இருக்கும். 70 வெளியேறும், 50 உள்ளேயே தங்கும். 120-இல் 70 என்றால் சுமார் 58 சதவீதம். இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று வருவது இந்தச் சதவீதம்தான். வழக்கமான அளவு 55 முதல் 70 வரை. நூற்றுக்கு அறுபதுதான் வாங்கியிருக்கிறேன் என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் உண்டு. நூறு யாருக்குமே வராது.

இந்த 70 கூடுவதும் குறைவதும் மூன்றால். எவ்வளவு நிரம்புகிறது என்பது முன்சுமை. எந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும் என்பது பின்சுமை. ரத்தக் கொதிப்பும் பெருந்தமனி வால்வுச் சுருக்கமும் இதைக் கூட்டுபவை. மூன்றாவது, தசையின் சொந்தச் சுருங்கும் பலம். நார்அட்ரினலின் கால்சியத்தை அதிகம் உள்ளே விட்டு அதைக் கூட்டுகிறது.

இவற்றில் முன்சுமையைத்தான் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இதயத் தசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும். ஆட்டோ ஃபிராங்க் 1895-இல் தவளை இதயத்தில் பார்த்தார். எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாயின் இதயத்தில் விரிவாகச் சோதித்து, 1915-இல் தன் உரையில் இதயத்தின் விதி என்றே சொன்னார். இதற்கு நரம்பு வேண்டாம், ஹார்மோன் வேண்டாம். அதிகம் வந்தால் அதிகம் தள்ளும், அடுத்த துடிப்பிலேயே.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது பக்கத்தைவிட ஒரே ஒரு மி.லி. அதிகமாகத் தள்ளுகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 70 மி.லி. ஒரு மணி நேரத்தில் 4,200 மி.லி. உடம்பின் பெரும்பகுதி ரத்தம் நுரையீரலில் தேங்கியிருக்கும். அப்படி ஆகாமல் இரண்டு பக்கங்களையும் துடிப்புக்குத் துடிப்பு சமன் செய்வது இந்த விதிதான். வந்தது கூடினால் இடது கீழறை இழுபட்டு, கூடுதலையும் தள்ளிவிடும்.

7. திரும்பி வரும் ரத்தம்

இரண்டாவது படியில் எழுதி வைத்த யூகத்தை எடுங்கள். துடிப்பை மட்டும் 70-இலிருந்து 120-க்கு உயர்த்தினால் வெளியீடு 8,400 ஆகாது. பெரிதாக மாறவே மாறாது. ஐந்து லிட்டருக்கு அருகிலேயே நிற்கும். துடிப்பு அளவு 70-இலிருந்து 42 அளவுக்குச் சுருங்கிவிடும். மின் தூண்டலால் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துச் சோதித்தபோது தெரிந்தது இதுதான்.

காரணம் எளிது. திரும்பி வராத ரத்தத்தை இதயம் எங்கிருந்து தள்ளும்? வருவது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்றால் அதை 70 பங்காகவும் பிரிக்கலாம், 120 பங்காகவும் பிரிக்கலாம். மொத்தம் அதேதான்.

இன்னொரு தடையும் உண்டு. நிமிடத்துக்கு 75 துடிப்பில் ஒரு சுழற்சி 0.8 நொடி, அதில் சுருங்குவது 0.3, தளர்ந்து நிரம்புவது 0.5. வேகம் கூடும்போது முக்கியமாக வெட்டுப்படுவது நிரம்பும் நேரம். 180-இல் மொத்தச் சுழற்சியே 0.33 நொடிதான். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் போவதும் பெரும்பாலும் அந்தத் தளரும் நேரத்தில்தான். கட்டுப்பாடு இல்லாமல் இதயம் தறிகெட்டு ஓடும்போது வெளியீடு கூடாமல் குறைவதும், நெஞ்சு வலிப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான்.

ஆகவே வெளியீட்டைக் கூட்ட வேண்டுமென்றால் திரும்பி வருவதைக் கூட்ட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ரத்தம் எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. பரிவு நரம்புகள் சிரைகளை இறுக்கினால் அந்தக் கையிருப்பு இதயத்தை நோக்கி நகரும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஆழச் சிரைகளைப் பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் குறைந்து ரத்தம் உள்ளே இழுக்கப்படுகிறது. அணிவகுப்பில் அசையாமல் நிற்பவர்கள் மயங்கி விழுவது இந்தக் கெண்டைக்கால் உதவி இல்லாததால்தான். வெகுநேரம் நிற்க வேண்டி வந்தால் குதிகாலை ஏற்றி இறக்குங்கள், கால்விரல்களை அழுத்துங்கள். யாருக்கும் தெரியாமலே செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு திரும்பி வரும் என்பதை முடிவு செய்வது திசுக்கள். வேலை செய்யும் தசையில் ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு, அடினோசின், பொட்டாசியம் போன்றவை சேருகின்றன. அங்குள்ள சிறு தமனிகள் தாமாகவே விரிகின்றன. விரிந்த வழியில் ரத்தம் அதிகம் ஓடி, சிரைக்கு வந்து, இதயத்துக்குத் திரும்புகிறது. ஆர்தர் கைட்டன் என்ற உடலியல் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதை வலியுறுத்திச் சொன்னார். அதற்கு முன் எல்லோரும் இதயத்தையே முதலாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நலமான உடம்பில் வெளியீட்டை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதயம் அல்ல, அதற்கு ரத்தத்தை அனுப்பி வைக்கும் உடம்பு. நோயாளி இதயத்தில் கதை மாறும்; அங்கே தடை இதயம்தான்.

8. ஓட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்

ஓடத் தொடங்கும் முன்பே, ஓடப்போகிறோம் என்ற நினைப்பிலேயே, மூளை வேகஸைத் தளர்த்துகிறது. கால் நகர்ந்த உடனே தசைகளும் மூட்டுகளும் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. சில நொடிகளில் 100. பிறகு பரிவு நரம்புகள்: வேகம் மேலும் ஏறும், சுருங்கும் பலம் கூடும், சிரைகள் இறுகும். தசைக்குள் தமனிகள் விரியும், கெண்டைக்கால் பிழியும், மூச்சு இழுக்கும். வருவது கூடுகிறது, ஃபிராங்க், ஸ்டார்லிங் விதி அதை வெளியே தள்ளுகிறது. நிரம்பும் நேரம் குறைந்தும் துடிப்பு அளவு குறையாமல் இருப்பது, வருவது இவ்வளவு கூடுவதால்தான்.

எண்ணில் பார்த்தால்: பயிற்சி இல்லாத ஓர் இளைஞருக்கு உச்சத்தில் 190 துடிப்பு, ஒவ்வொன்றும் 110 மி.லி. என்றால் சுமார் 21 லிட்டர். நெடுந்தூர ஓட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு 35 லிட்டரைத் தொடுவதும் உண்டு. அவர்களின் இதயத்தின் உச்ச வேகம் மற்றவர்களுடையதைவிட அதிகம் இல்லை. கீழறை பெரியது, துடிப்பு அளவு கூடுதல். ஓய்வில் 45 துடிப்பே அவர்களுக்குப் போதுமானதாக இருப்பதும் அதனால்தான். உச்ச வேகத்துக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அது சராசரிக்கான தோராயம். தனி ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு முன்பின் சாதாரணமாகவே மாறும். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தப் பாடத்தைத் தலைகீழாகக் காட்டுகிறார்கள். புதிய இதயத்துக்கு நரம்பு இல்லை; ஓய்வில் 90, 100 என்று துடிக்கும். ஓடத் தொடங்கினால் வேகம் உடனே ஏறாது. முதலில் திரும்பி வரும் கூடுதல் ரத்தத்தால் துடிப்பு அளவு கூடும், சில நிமிடம் கழித்து ரத்தத்தில் வரும் அட்ரினலினால் வேகம் ஏறும். ஓடி முடித்தபின் இறங்குவதும் மெதுவாகத்தான்.

9. எந்த நிலைமை வந்தாலும் கேட்க வேண்டியவை

தேர்விலோ வார்டிலோ ஒரு நிலைமையைச் சொல்லி 'இதயம் என்ன செய்யும்?' என்றால் நேரே நாடிக்குப் போகாதீர்கள். திரும்பி வருவது கூடியதா குறைந்ததா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் கழுத்துத் தமனியில் அழுத்தம் என்ன ஆகும், அதற்கு வேகஸும் பரிவு நரம்பும் என்ன செய்யும் என்று போங்கள். துடிப்பு அளவை மாற்றும் மூன்றையும் கடைசியில் சரிபார்த்தால் போதும்.

ரத்தப்போக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். வருவது குறைந்தது, அழுத்தம் சரியப் பார்க்கிறது, வேகஸ் தளர்கிறது, பரிவு நரம்பு இறுக்குகிறது. நாடி வேகமாக, ஆனால் மெலிந்து இருக்கும். கை கால் சில்லிடும். முக்கியமான விஷயம், இந்த ஈடுகட்டல் நன்றாக நடக்கும் வரை ரத்த அழுத்தம் விழாது. மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் அளவு போகும் வரைகூட மேல் அழுத்தம் ஏறக்குறைய சரியாகவே காட்டலாம். இளைஞர்களிடம் இது இன்னும் ஏமாற்றும். பி.பி. நார்மல் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. ஏறும் நாடியும் சில்லிட்ட தோலும் முன்பே சொல்லிக்கொண்டிருக்கும்.

ரத்தத்தைப் பார்த்தோ ஊசியைப் பார்த்தோ மயங்குவது இதற்கு நேர் எதிர். வேகஸ் திடீரென்று இறுகுகிறது, பரிவு நரம்பு விட்டுவிடுகிறது. நாடி மெதுவாகிறது, தமனிகள் தளர்கின்றன. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தூக்கி உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் அது கீழே இறக்கிவிடும்.

பரிவு நரம்பின் செய்தி இதயத்தில் வேலை செய்யாமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் மேலே சொன்ன கணக்குகள் பல பொய்த்துப்போகும். ரத்தம் போனாலும் காய்ச்சல் வந்தாலும் அவர்கள் நாடி எதிர்பார்த்த அளவு ஏறாது. அதனால் நாடி பார்க்கும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். தாமாக அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

10. தாளை மருத்துவரிடம் எடுத்துப்போகும் நேரம்

ஓய்விலேயே நாடி தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தால், பயிற்சி ஓட்டக்காரராக இல்லாத ஒருவருக்கு 50-க்குக் கீழே போய்ச் சோர்வோ தலைசுற்றலோ இருந்தால், எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால், அல்லது தாளம் ஒழுங்கே இல்லாமல் இருந்தால் காட்ட வேண்டும். ஒழுங்கற்ற தாளத்தில் சில துடிப்புகள் மெலிந்துபோய் மணிக்கட்டு வரை வராது. அதனால் விரல் எண்ணியதைவிட உண்மையான துடிப்பு அதிகமாக இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒருவர், மணிக்கட்டில் ஒருவர் என்று ஒரே நிமிடம் எண்ணினால் வித்தியாசம் தெரியும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே மருத்துவமனை.

மற்றபடி காட்டப் போகும்போது ஒரு வாரத்துக்குக் காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் எடுத்த நாடி, அன்றே எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து எடுத்த நாடி, சாப்பிடும் மருந்துகளின் பெயர், அன்று காய்ச்சல் இருந்ததா, முந்தின இரவு தூக்கம் எப்படி என்று ஒரே தாளில் நான்கைந்து பத்திகளாக எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.